றமணனுக்கு வைத்த குறி

ரஸீன் மேற்கோள் குறியை அழுத்தினான். திரையில் அரைப்புள்ளி விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினான். மறுபடியும் அரைப்புள்ளிதான். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சின்ன பக் ஒண்டு சேர், திருத்திடுவோம்," என்று அவன் தலையைச் சொறிந்தான். முத்துலிங்கம் சேரும் சிரித்துக்கொண்டே அடுத்த குழுவைத் தயாராகச் சொன்னார். அடுத்தது ஷஹ்மாவும் றமணனும். தங்களுடையதிலும் இப்படி ஏதாவது இருந்து சேர் தட்டிப் பார்க்கச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தில், ஷஹ்மா மடியில் இருந்த லெப்டொப்பைத் திறந்து அதே சாவியை அழுத்தினாள். அரைப்புள்ளி விழுந்தது. அரைப்புள்ளிக்கான சாவியை அழுத்தினாள். மேற்கோள் குறி விழுந்தது.

அதற்குப் பிறகு தங்கள் முறை வந்து, திரைக்கு முன்னால் நின்று, என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் றமணன்தான் பேசினான்.

கண்டிக்கு அருகே கெட்டம்பேயில் ஆற்றைப் பார்த்தபடி இருந்த அந்தத் தனியார் உயர்கல்வி நிறுவனத்தில், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தத் தவணை கொடுத்த வேலை, சொந்தமாக ஒரு கேர்னல் எழுதுவது. கணினிக்கு மின்சாரம் வந்ததும் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் எழும்பி, திரை, கீபோர்ட், கடிகாரம், நினைவகம் என்று எல்லாவற்றையும் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும் அடிப்படை நிரல் அது. விண்டோஸோ லினக்ஸோ இல்லாமல், வெறும் இயந்திரத்தின் மேல் தாங்களே எழுதியது எழும்பி நிற்க வேண்டும். இருவர் இருவராகச் செய்ய வேண்டும். அடுத்தவர்களுடைய நிரலைப் பார்த்து எழுதினால் கொடுத்தவருக்கும் பூச்சியம், எடுத்தவருக்கும் பூச்சியம் என்று சேர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஷஹ்மாவும் றமணனும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். திரை, கீபோர்ட், கடிகாரம் மூன்றும் மடவளையிலிருந்து வரும் ஷஹ்மாவுக்கு. நினைவகமும், இரண்டு வேலைகளை மாறி மாறி ஓடவிடும் பகுதியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த றமணனுக்கு. அவன் அதிகம் பேசாதவன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு போர்டிங்கில் இருந்தான். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததற்கு வாய் திறக்க மாட்டான். இவ்வளவு நாளும் ஷஹ்மாவுக்கு அது நல்ல குணமாகத்தான் பட்டது.

அன்று பஸ்ஸில் யன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. கீபோர்டின் ஒவ்வொரு சாவிக்கும் எந்த எழுத்து என்ற அட்டவணையை அவளேதான் தட்டினாள். தட்டியதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததும் நினைவிருந்தது. அதில் அந்த இரண்டு சாவிகள் மட்டும் எப்படி இடம் மாறும்? தங்கள் நிரல் ரஸீனிடம் போகாவிட்டால், அதே பிழை அவனுடையதிலும் எப்படி வரும்? வீட்டுக்கு வந்து அபாயாவைக் கூடக் கழற்றாமல், இருவரும் நிரலைச் சேர்த்து வைக்கும் பொது இடத்தில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளைத் தோண்டினாள். அவள் முதலில் எழுதியது சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் யாரோ மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் பெயர் ஷஹ்மா என்று இருந்தது. அவளுடைய லெப்டொப்பிலிருந்தே போயிருந்தது.

அவள் மாற்றவில்லை. அது சத்தியம். அவளுடைய லெப்டொப்பைத் திறக்கும் இலக்கம் அவளைத் தவிர ஒருவனுக்குத்தான் தெரியும். றமணனுடைய சார்ஜர் எரிந்துபோன வாரம், "இந்தாங்க, என்டத பாவிங்க," என்று அவளேதான் லெப்டொப்பையும் கொடுத்து, உம்மாவின் பிறந்த நாள்தான் பாஸ்வேர்ட் என்றும் சொல்லியிருந்தாள்.

"மகள், சோறு ஆறுது," என்று உம்மா பாயிஸா குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"வாறேன் உம்மா," என்றாள். எழும்பவில்லை. முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள்.

மறுநாள் கன்டீனில் அவன் எதிரே உட்கார்ந்து, வேறு ஏதோ தேடுவது போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"றமணன், கீபோர்ட் ஃபைல்ல நீங்க ஏதும் கை வெச்சீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான்."

அவன் திரும்பவும் திரைக்குள் புகுந்துகொண்டான். அந்த 'இல்லையே' எவ்வளவு இலகுவாக வந்தது என்பதுதான் அவளைச் சுட்டது. கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூடப் பரவாயில்லை. இவ்வளவு இலகுவாகப் பொய் சொல்கிறவன் இன்னும் எத்தனை சொல்லியிருப்பான்?

அன்றிலிருந்து அவளுடைய கண்ணுக்கு எல்லாமே தட்டுப்படத் தொடங்கியது. றமணன் தொலைபேசியை மேசையில் கவிழ்த்தே வைக்கிறான். அழைப்பு வந்தால் எழும்பி வெளியே போய்த்தான் கதைக்கிறான். ரஸீனைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான், ஆனால் ரஸீன் போய்க் கொஞ்ச நேரத்தில் இவனும் எழும்பிப் போகிறான். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தபோது, கண்டிப் பக்கம் போகும் பஸ்ஸுக்காக அவள் நின்றிருந்தாள். எதிர்ப் பக்கத் தரிப்பிடத்தில் ரஸீனும் றமணனும் ஒரே குடைக்குள் நின்றார்கள். ரஸீனுக்கு வீடு பிலிமத்தலாவையில், அவன் அந்தப் பக்கம் நிற்பதில் அதிசயமில்லை. றமணனுடைய போர்டிங் நேர் எதிர்த் திசையில் இருந்தது. பிலிமத்தலாவை வழியாகப் போகும் கடுகண்ணாவை பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். றமணன் புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான், உள்ளே லெப்டொப் இருக்கும்போது பிடிப்பது போல.

அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனாலும் சேரிடம் போய்ச் சொல்ல இன்னும் உறுதியாக ஒன்று தேவை என்று அவளுக்குப் பட்டது. கொடுத்தவருக்கும் பூச்சியம் என்பது அவளுக்கும் சேர்த்துத்தான். ஒரு நாள் சேருடைய அறைக்குப் போய், கதவில் கை வைத்தபடியே கேட்டாள்.

"சேர், ஒரு குரூப்ல ஒராள் மட்டும் கோட் வெளிய குடுத்தா, மத்தாளுக்கும் பூச்சியமா?"

முத்துலிங்கம் சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஏம்மா? யாரு குடுத்தாங்க?"

"சும்மா கேட்டேன் சேர்."

"சும்மா யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்களே," என்றார். அவள் திரும்பி நடந்தாள். அவர் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டு படிக்கட்டு வரை வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தங்கள் நிரலுக்குள் யார் கண்ணுக்கும் படாத ஒரு குறியை வைப்பது. பிறகு ரஸீனுடைய கேர்னலில் அதே குறி இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் முடிந்தது கதை.

வைப்பதற்குக் கடிகாரப் பகுதியைத் தெரிந்தெடுத்தாள். அது எப்போதோ எழுதி முடித்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பகுதி. ஒழுங்காக ஓடுவதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கடிகாரம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும், நினைவகத்தின் ஒரு மூலையில், யாரும் பாவிக்காத ஓரிடத்தில், ஓர் இலக்கத்தை எழுதிவிட்டுப் போகும்படி ஒரேயொரு வரி சேர்த்தாள். என்ன இலக்கம் போடுவது என்று யோசித்தபோது முதலில் கைக்கு வந்தது உம்மாவின் பிறந்த நாள். அதையே போட்டாள். அந்த வரியோடு சேர்த்து இன்னும் பல வரிகளின் இடைவெளிகளைத் திருத்தி, ஏதோ ஒழுங்குபடுத்தியது போலக் காட்டி அனுப்பினாள். றமணன் பார்த்துவிட்டு, "நல்லது, வடிவா இருக்கு," என்று மட்டும் செய்தி போட்டான்.

கொஞ்ச நாளில் அவர்களுடைய கேர்னல் விழத் தொடங்கியது.

எப்போது விழும் என்று சொல்ல முடியவில்லை. சில நேரம் நன்றாக ஓடும். சில நேரம் இரண்டாவது வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கக் குப்பையாகி உறைந்துவிடும். றமணன் தன் பகுதியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில்தான் பிழை என்று நினைத்து அதை முழுதாக அழித்துத் திருப்பி எழுதினான். அதற்குப் பிறகும் விழுந்தது. சவரம் செய்ய மறந்த முகத்தோடு வந்தான். கன்டீனில் வாங்கிய ரோல்ஸ் ஒரு கடியோடு கிடந்து காய்ந்தது.

"என்னண்டு விழுது எண்டு விளங்கேல்லை," என்றான் ஒரு நாள். "என்ர பிழைதான். நான் பாக்கிறன். நீர் யோசியாதையும்."

ஷஹ்மாவோ யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ரஸீனுடைய கேர்னலில் குறியைத் தேடிப் பார்க்க அவளுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை, ஆனால் அது விழுவதில்லை என்பது தெரியும். இவர்களுடையது மட்டும், இறுதி டெமோ நெருங்கும்போது பார்த்து விழுகிறது. திருத்துகிறேன் திருத்துகிறேன் என்று சொல்லி ஒருவன் நாளைக் கடத்துகிறான். வேண்டுமென்றே உடைக்கிறானோ? நல்ல பிரதியை அங்கே கொடுத்துவிட்டு, இங்கே உடைந்ததை வைத்திருக்கிறானோ? நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தியது. பொருந்தாத ஒன்று, அவனுடைய முகம். அதையும் நடிப்பு என்று தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை காலை, அவன் உடைக்கும் இடத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று வீட்டில் உட்கார்ந்தாள். கேர்னல் விழும்வரை ஓடவிட்டு, விழுந்த நொடியில் அப்படியே நிறுத்தி, நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகத் திரையில் விரித்தாள். இரண்டாவது வேலை தான் திரும்பிப் போக வேண்டிய இடத்தைக் குறித்து வைக்கும் இடம் ஒன்று உண்டு, ஸ்டெக் என்பார்கள். அந்த இடத்தில், போகவேண்டிய முகவரிக்குப் பதிலாக, உம்மாவின் பிறந்த நாள் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து அறையில் உம்மா யாரோடோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

யாரும் பாவிக்காத இடம் என்று அவள் நினைத்தது, அவள் குறி வைத்த அன்று உண்மையாகவே யாரும் பாவிக்காத இடந்தான். அதற்குப் பிறகு றமணன் இரண்டாவது வேலைக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறான். அந்த இடத்துக்குள் இவளுடைய மூலையும் போய்விட்டது. அவன் எழுதி வைப்பதன் மேல் கடிகாரம் துடிக்கும்போதெல்லாம் இவளுடைய இலக்கம் போய் விழுந்திருக்கிறது. அவன் முழுதாக அழித்துத் திருப்பி எழுதியதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அவள் உடனே அந்த வரியை நீக்கி, திருத்தத்தை அனுப்பினாள். கேர்னலை ஓடவிட்டு, உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, பகல் சாப்பாட்டையும் முடித்து வந்து பார்த்தாள். ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை போய், "ஏதோ சரியாகிட்டுது," என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். கீபோர்ட் விடயத்தில் அவன் கள்ளன்தானே. இது வேறு, அது வேறு.

திங்கட்கிழமை அவள் கன்டீனுக்குள் நுழைந்தபோது றமணன் மூலை மேசையில், லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு, இரண்டு கையையும் அதன் மேல் போட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"இரும்," என்றான். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"உம்மட அம்மாவின்ர பிறந்த நாள் எப்ப?"

அவள் மூடியிருந்த லெப்டொப்பைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் அவனே. "உம்மட லெப்டொப்பைத் திறக்கிற நம்பர். அதை நான் என்ர ஸ்டெக்குக்குள்ள கண்டனான். எங்கயிருந்து வருது எண்டு பாத்துக்கொண்டு போனா, கடிகாரத்துக்குள்ள இருந்து வருது. நேற்றுப் பாத்தா அந்த வரியைக் காணேல்லை. வைச்சதும் நீர், எடுத்ததும் நீர்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும். "ஏன் ஷஹ்மா? என்ர பகுதி பிழை எண்டு சேருக்குக் காட்டவோ? நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லவோ?"

"இல்ல. அப்புடி இல்ல."

"அப்ப?"

இனி மறைத்து என்ன? அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ரஸீனுடைய டெமோ, இடம் மாறிய இரண்டு சாவிகள், தன் பெயரில் தான் செய்யாத மாற்றம், கன்டீனில் அவன் சொன்ன 'இல்லையே', மழையில் ஒரே குடை. "நீங்க எங்கட கோட் அவனுக்குக் குடுத்தீங்க எண்டு நெனச்சேன். இப்பவும் நெனக்கிறேன். அத வேற எப்புடி நெனக்கிறது, நீங்களே செல்லுங்க."

றமணன் நெற்றியைத் தடவினான்.

"எந்த ரெண்டு சாவி?"

சொன்னாள்.

"ஐயோ. ஓம், அது நான்தான் மாத்தினனான்." அவன் எழும்பிவிட்டான். "சார்ஜர் எரிஞ்ச கிழமை. உம்மட லெப்டொப்பில இருந்து எடுத்து, லாப்பில இருக்கிற பழைய மெஷினில போட்டு ஓடவிட்டுப் பாத்தனான். எல்லாச் சாவியும் சரி, அது ரெண்டு மட்டும் மாறி விழுந்தது. நீர் தட்டேக்க பிழை விட்டிட்டீர் எண்டு நினைச்சு அதிலயே மாத்திப்போட்டு வந்தனான். ரெண்டு எழுத்துத்தானே. மறந்தே போனன்."

"நான் பிழையாத் தட்டல்ல."

"அப்ப வாரும்."

நிஜமான இயந்திரத்தில் கேர்னலை எழுப்பிப் பார்க்க மாணவர்களுக்கென்று விட்டிருந்தது ஒரேயொரு பழைய கணினி. கீழ்த் தளத்து லாப்பின் கடைசி மேசையில் இருந்தது அது. லாப்பைப் பார்த்துக்கொள்ளும் பளீல் வாசலில் நின்று யாருடைய பென் டிரைவையோ துடைத்துக்கொண்டிருந்தார். ஷஹ்மா தன் லெப்டொப்பைத் திறந்து அந்தக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் பார்த்தாள். லெப்டொப்பில் முதலில் அரைப்புள்ளி, அதற்கடுத்து மேற்கோள் குறி. பழைய கீபோர்டில் முதலில் மேற்கோள் குறி, அதற்கடுத்து அரைப்புள்ளி. சாவிகளின் மூடிகள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன.

"பளீல் நானா," என்றாள் மெதுவாக. "இந்தக் கீபோர்ட யாரும் களட்டினாங்களா?"

"நான்தான் மகள். லீவுக்குள்ள எறும்பு பூந்து கூடு கட்டீந்திச்சு. ஒவ்வொண்டாக் களட்டிக் கழுவி, வெயில்ல வெச்சுப் போட்டேன். ஏன், ஏதும் பழுதா?"

றமணன் சிரித்தான். பல நாட்களுக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான். ஷஹ்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரஸீனும் இந்த மேசைக்குத்தான் வந்திருப்பான். அவனும் தன் அட்டவணைதான் பிழை என்று நினைத்து, இந்தப் பிழையான கீபோர்டுக்குப் பொருந்தும்படி மாற்றியிருப்பான். யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் வைத்து, "மன்னிச்சுக்கங்க," என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவளால் அதோடு விட முடியவில்லை. "அப்ப ரஸீனோட பஸ்ஸுல எங்க போனீங்க?"

அவனுடைய முகத்தில் சிரிப்பு அணைந்தது. மதிலில் கையை ஊன்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

"ரஸீன்ர மாமா பிலிமத்தலாவையில டிக்கெட் போடுற ஒபிஸ் வைச்சிருக்கிறார். எனக்குக் கனடா சரிவந்திட்டுது ஷஹ்மா. அண்ணா கூப்பிட்டவர். அடுத்த மாசம் முதல் கிழமை போறன்."

"டெமோ அதே மாசக் கடைசியிலதானே?"

"ஓம்."

அவள் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "அடுத்த மாசக் கடைசி."

"ஓம்."

"அப்ப நான் தனிய நிக்கிறதா? எப்ப செல்ல இருந்தீங்க? பிளேன் ஏறினதுக்குப் பொறகா?"

"அம்மா ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவா. போன முறை விசா வந்த மாதிரித்தான் எண்டு ஊரெல்லாம் சொல்லி, கடைசியில மறுத்துப்போட்டாங்கள். ரோட்டில போகேக்க சனம் நிப்பாட்டிக் கேக்கும். அம்மா கோயிலுக்குப் போறதையே விட்டிட்டா." அவன் அவளைப் பார்க்கவில்லை. "என்ர பகுதியை முடிச்சுத் தந்திட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான். முடிச்சும் இருப்பன். உம்மட நம்பரைத் தேடினதில அந்த நாளெல்லாம் போட்டுது."

அவன் மறைத்தான் என்று அவள் சந்தேகப்பட்டது சரி. எதை மறைத்தான் என்பதில்தான் முழுக்கப் பிழை. அந்தச் சரியை வைத்துக்கொண்டு கோபப்படவும் முடியவில்லை, அந்தப் பிழையை வைத்துக்கொண்டு அழவும் முடியவில்லை. கீழே ஆறு கலங்கல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் முத்துலிங்கம் சேருடைய கதவை மறுபடி தட்டினாள். தங்கள் குழுவுக்கு மட்டும் டெமோவை முற்கூட்டியே வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"அத செல்ல ஏலாது சேர்."

சேர் பேனாவை மூடி வைத்தார். "அன்னைக்கு வந்து கோட் குடுத்தா என்னன்னு கேட்டீங்க. இன்னைக்கு வந்து எல்லாருக்கும் முதல்ல காட்டணும்னு சொல்றீங்க. என்னம்மா நடக்குது? ரஸீன் குழுவுல அந்த மேற்கோள் குறி மாறி விழுந்திச்சே, உங்களுடையதுல எப்படி விழுது?"

அவர் அன்றைக்கே கவனித்திருக்கிறார். "அதே மாதிரித்தான் சேர்," என்றாள். பிறகு கீபோர்ட் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சோடித்த கதை போலக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"வாங்க பாப்போம்," என்று சேர் எழும்பி லாப்புக்கு நடந்தார்.

கடைசி மேசையில் கீபோர்ட் பளபளத்தது. முதலில் அரைப்புள்ளி, அதற்கடுத்து மேற்கோள் குறி. எல்லாம் அதனதன் இடத்தில். முந்திய நாள் அவர்கள் போனதுமே பளீல் வெட்கப்பட்டு மூடிகளைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டார். சேர் கீபோர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான்தான் சேர் மாத்திப் பூட்டீந்தது," என்று பளீல் முன்னால் வந்தார். "நேத்துத்தான் திருத்தினேன். புள்ளைகள் செல்றது மெய்."

"நேத்துத்தான்," என்றார் சேர். அதில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "சரி. வெள்ளிக்கிழமை வாங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா கேப்பேன். அவர் எழுதினத நீங்க விளங்கப்படுத்தணும், நீங்க எழுதினத அவர். ரஸீன் குழுவையும் அதே மாதிரி கேப்பேன்."

வெள்ளிக்கிழமை வரை இருவரும் கன்டீன் மேசையை விட்டு எழும்பவில்லை. கடிகாரத்தை அவனுக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். வேலைகள் மாறும் இடத்தை அவளுக்கு அவன் சொல்லிக் கொடுத்தான். முன்பு போலத்தான் பேசினார்கள், ஆனால் முன்பு போல இல்லை. அவள் ஏதாவது தட்டும்போது அவன் கண் அவளுடைய விரல்களில் நிற்கும். தன்னை அறியாமல்தான் அப்படிப் பார்த்தான், அது அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை அவள் திருத்திய பகுதியை அவன் திறந்து வரி வரியாக வாசித்துவிட்டு, அவள் பார்ப்பதைக் கண்டு, "சும்மா பாத்தனான்," என்றான். அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவள் நினைத்தாள்.

டெமோவில் கேர்னல் விழவில்லை. இரண்டு வேலைகளும் திரையின் இரண்டு பாதிகளில் அசராமல் ஓடின. சேர் அவளைத் தனியே உட்காரவைத்து, ஒரு வேலையை நிறுத்தி மற்றதை எழுப்பும்போது எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். கடைசியில் அவர் கேட்டார், "உங்க பார்ட்னர் பாதி வேலை செஞ்சாரா?"

"பாதிக்கு மேல சேர். நான் வெச்ச பிழைய கண்டுபிடிச்சதும் அவருதான்."

"நீங்க வெச்ச பிழையா?"

"ஓம் சேர். வேணுமெண்டே வெச்சது." அதையும் சொன்னாள், ஏன் வைத்தாள் என்பதோடு. அவளுடைய புள்ளியில் சேர் கொஞ்சம் வெட்டினார் என்று பிறகு தெரிந்தது. றமணனுக்கு வெட்டவில்லை. ரஸீன் குழுவும் தப்பிக்கொண்டது.

றமணன் போகும் அன்று கண்டிப் புகையிரத நிலையத்துக்கு அவள் போனாள். அவனுடைய அம்மா லீலாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். மகனோடு கொழும்புக்குப் போய் வழியனுப்பப் போகிறார். "இவதான் என்னோட செய்தவ," என்று றமணன் அறிமுகப்படுத்தினான். அதற்கு மேல் எதையும் அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த அம்மாவின் சிரிப்பிலேயே தெரிந்தது. "நல்லாயிரு பிள்ளை," என்றார் அவர். ரயில் நகர்ந்தபோது றமணன் கை காட்டினான். அவளும் காட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் போல இருந்தது, ஆனால் மடவளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த தவணை தொடங்கியபோது, ரஸீனுடைய கூட்டாளி வேறு பாடத்துக்கு மாறியிருந்தான். தனித்து நின்ற இருவரையும் சேர்த்துவிட்டார் முத்துலிங்கம் சேர். ரஸீன் கன்டீனில் அவளுக்கு எதிரே வந்து பையை வைத்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அவனும் காட்டிக்கொள்ளவில்லை.

"எதுலயிருந்து தொடங்குவோம்?" என்றான்.

"அதுக்கு முன்னுக்கு ஒண்டு கேக்கணும்." அவள் நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு எங்கயும் வெளிநாடு போற யோசன ஈக்கா?"

ரஸீன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "நானா? எனக்கு பாஸ்போர்ட்டே இல்ல."

நம்புவதா இல்லையா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு லெப்டொப்பைத் திறந்து, திரை அவனுக்கும் தெரியும்படி மேசையின் நடுவில் வைத்தாள்.